குளக்கரையிலிருந்து ஆழ்துளைவரை



1927 மார்ச் 20 அன்று மகத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் குடித்தனர். சாதி இந்துக்கள் அவர்களைத் தாக்கினர். குளத்துக்குத் தீட்டுக் கழித்தனர். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. அது நகராட்சிக் குளம், பொதுக் குளம் என்பதே நம் பிடிமானம்.

நிலத்தடி நீருக்கோ, நாம் நடந்துபோய் இறங்கக் கரை கிடையாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, நிலம் யாருடையதோ அடியிலுள்ள நீரை எடுக்கும் உரிமையும் அவருடையது. நிலம் மறுக்கப்பட்ட நமக்கு அதில் பங்கில்லை.

பசுமைப் புரட்சிக்குப்பின் மின்மோட்டார்கள் பெருகின. தமிழக ஏரிகள் பல தூர்ந்தன. மடை திறந்து, அடைத்து, வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டிகளின் வேலையும் போயிற்று. அவர்களில் பலர் நம் முன்னோர். நீர்மட்டம் இறங்க இறங்க, வசதியுள்ளவர் இன்னும் ஆழமாகத் துளையிட்டார். சேரிக் கிணற்றுக்கு அந்த ஆழம் எட்டவில்லை.

ஆகவே, நீர் வற்றுவதை மழையின் கணக்கில் மட்டும் எழுத நாம் சம்மதிப்பதில்லை. அன்று தீட்டு செய்ததை இன்று பட்டா செய்கிறது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று சட்டமாகி, சேரிவரை வந்து சேரும்வரை மகத் முடியவில்லை.