மெக்காலே பேசாத பேச்சு

"ஏனுங் மாமா, மெக்காலே நெசமாலுமே இப்படிப் பேசுனாருங்களா?"

கிணத்துக்கடவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் செல்போனை நீட்டினாள். வீட்டுப்பாடமாம். இணையத்தில் உலவும் ஒரு செய்தியை எடுத்து, உண்மையா பொய்யா என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும். மறுநாள் வகுப்பில் விவாதம் வேறு: நல்ல காரியத்துக்காகப் பொய் சொல்லலாமா, கூடாதா?

அவள் எடுத்திருந்தது பிரபலமான சங்கதி. உங்களுக்கும் வந்திருக்கும். மெக்காலே படம். கீழே, 1835 பிப்ரவரி 2-ம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அவர் முழங்கியதாக ஒரு பேச்சு. இந்தியாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிவிட்டாராம். ஒரு பிச்சைக்காரன் இல்லையாம், ஒரு திருடன் இல்லையாம். இவர்களை ஜெயிக்க வேண்டுமென்றால் இவர்களுடைய கல்வியையும் பண்பாட்டையும் ஒழிக்க வேண்டுமாம்.

படித்தால் ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும். முதலில் தேதியைப் பார்ப்போம்.

லீட்ஸ் தொகுதி எம்.பி.யாக இருந்த மெக்காலே, 1834 தொடக்கத்தில் பதவியை விட்டுவிட்டுக் கப்பலேறினார். கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் சட்ட உறுப்பினர் வேலை. வருடத்துக்குப் பத்தாயிரம் பவுன் சம்பளம்! ஜூன் 10-ம் தேதி சென்னையில் இறங்கினார்.

கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங் அப்போது ஊட்டியில் இருந்தார். ஆகவே மெக்காலேயும் பெங்களூர், மைசூர் வழியாக ஊட்டிக்குப் பயணம். சுமார் நானூறு மைல், ஆள் தோளில்! கொஞ்சகாலம் நம்ம மலையில் குளிர் காய்ந்துவிட்டுக் கல்கத்தா போனார். இங்கிலாந்து திரும்பியது 1838-ல்தான்.

அதாவது, பேசியதாகச் சொல்லப்படும் நாளில் அவர் லண்டனிலேயே இல்லை. எம்.பி.யும் இல்லை. இந்தியாவைச் சுற்றிப் பார்த்த கதையும் இவ்வளவுதான்.

பிச்சைக்காரன் இல்லை என்றால்? அவர் வந்திறங்குவதற்குச் சற்று முன்புதான், 1832-33-ல், சென்னை மாகாணத்தின் குண்டூரைப் பெரும் பஞ்சம் தின்று தீர்த்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் செத்தார்கள் என்று கணக்கு. திருடன் இல்லை என்றால்? 'தக்' எனப்படும் வழிப்பறிக் கூட்டங்களைப் பிடிக்க ஸ்லீமன் என்ற அதிகாரியை பெண்டிங் எதற்காக ஏவிவிட்டிருந்தார்?

"அப்ப அந்தத் தேதியும் பொய்யிங்களா?"

அங்கேதான் சாமர்த்தியம். தேதி நிஜம்! அதே நாளில் கல்கத்தாவில் மெக்காலே ஒரு குறிப்பு எழுதினார். இந்தியர்களின் கல்விக்கென்று 1813-ம் வருடச் சட்டம் ஒதுக்கிய ஒரு லட்சம் ரூபாயை சமஸ்கிருதம், அரபிக்குச் செலவழிப்பதா, ஆங்கிலத்துக்கா என்று சண்டை. மெக்காலே ஆங்கிலக் கட்சி. தனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, அரபியும் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மூச்சில், நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஒரு தட்டுக்கு இந்திய, அரபு இலக்கியம் மொத்தமும் ஈடாகாது என்றார். மார்ச் 7-ம் தேதி பெண்டிங் அதை ஏற்றுக்கொண்டார்.

போலிப் பேச்சில் வரும் மெக்காலே நம்மைப் பார்த்துப் பிரமிக்கிறார். நிஜ மெக்காலே நம்மை மதிக்கவே இல்லை. எது அதிகம் சுடுகிறது?

"நாட்டுக்காகத்தானுங் மாமா அந்தப் பொய்? நன்மை வந்தா பொய்யும் உண்மை மாதிரின்னு வள்ளுவரே சொல்லியிருக்காருங்."

சொல்லியிருக்கிறார்தான். ஆனால் குற்றமில்லாத நன்மை என்று ஒரு நிபந்தனையும் வைத்திருக்கிறார். பிச்சைக்காரனே இல்லை என்றால், குண்டூரில் பட்டினி கிடந்து செத்தவர்கள் கணக்கு எங்கே போகும்? கம்பெனி ஆட்சிக்கு நாமே நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா?

பெருமைக்கு ஆதாரமா இல்லை? 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது என்று கலெக்டர்களைக் கேட்டார். மொத்தம் 12,498 என்று வந்தது. அப்போது கோயமுத்தூர் கலெக்டர், ஊட்டியை உருவாக்கிய அதே ஜான் சல்லிவன். நம்ம ஜில்லாக் கணக்கு 763 பள்ளிகள். மெக்காலே வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முந்தி! அந்தப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் மிகமிகக் குறைவு என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. பெருமையை எடுத்துக்கொண்டால் இதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் எழுதி முடித்தவள் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதை எனக்கு அனுப்புனதே அப்பாருதானுங் மாமா. ஊரு பூரா அனுப்பியிருக்காரு. பொய்யின்னு அவருகிட்ட எப்படிங் சொல்றது?"

அதுதான் நிஜமான வீட்டுப்பாடம். நாட்டின் மேல் இருக்கும் பாசத்தில் அனுப்பிய மனிதர். பேத்தி பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னால் வலிக்கும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு வேறு யாராவது நாலு பேர் முன்னால் சொல்வார்கள். அது இன்னும் வலிக்கும்.

"வெறுங்கையோட போகாதே கண்ணு. அந்த 763-ஐ எடுத்துட்டுப் போ" என்றேன்.