ஒரு சீட்டு, மூன்று பிரதமர்கள்

2018 மே 9, புதன்கிழமை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்து ஜெலுத்தோங் தொகுதியில் ஓட்டுப் போடப் போனவர் கையில் இரண்டு சீட்டு கொடுத்தார்கள். ஒன்று பினாங்கு சட்டமன்றத்துக்கு, இன்னொன்று நாடாளுமன்றத்துக்கு. சட்டமன்றச் சீட்டு ஊரைத் தாண்டவில்லை. லைட் ஸ்திரீட்டில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தோடு அதன் வேலை முடிந்தது. அலைந்தது நாடாளுமன்றச் சீட்டுதான்.

அது பிறந்த இடம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. முதல் கிராணி அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் எண்ணையும் உரக்கப் படிக்கிறார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு கிழிக்கிறார்கள். அடுத்தவர் இடது கை ஆள்காட்டி விரலில் மை வைக்கிறார். இந்த மை 2013 பொதுத் தேர்தலில்தான் வந்தது. 2008-லேயே வருவதாக இருந்து, ஓட்டுப் போட நாலு நாள் இருக்கும்போது வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மூன்றாமவர் சீட்டைத் தருகிறார். தடுப்புக்குப் பின்னால் போய் ஒரு பெருக்கல் குறி. மடித்துப் பெட்டியில் போட்டால் வாக்காளருக்கும் சீட்டுக்கும் உறவு அறுந்தது.

முழுதாக அறுந்ததா என்றால், இல்லை. வகுப்பறைகளுக்குச் சாலூரான் என்று பெயர், அவற்றைப் பிரிப்பது வயதை வைத்து. முதல் சாலூரானில் ஊரிலேயே மூத்தவர்கள், கடைசியில் இளசுகள். சாயங்காலம் அதே அறையில் எண்ணி, போராங் 14 என்ற பாரத்தில் எழுதி, ஏஜெண்டுகள் கையெழுத்துப் போடுகிறார்கள். தாத்தா பாட்டிகள் எந்தப் பக்கம், பேரப்பிள்ளைகள் எந்தப் பக்கம் என்று அந்தத் தாள்களை வரிசையாக வைத்தே கட்சிக்காரர் சொல்லிவிடுவார். பெயர் ரகசியம். வயது அப்படியில்லை.

அன்றிரவு ஜெலுத்தோங் சீட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே ஆளாயின: ஜனநாயக செயல் கட்சியின் ஆர்.எஸ்.என். ராயர். 222 பேரில் ஒருவர். மே 10 இரவு பத்து மணி வாக்கில் மகாதீர் பிரதமராகப் பதவியேற்றார். சுதந்திரத்துக்குப் பிறகு மத்தியில் ஆட்சி மாறியது அதுவே முதல் தடவை. இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிரதமரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்பின் 43-வது பிரிவுப்படி, பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரை நியமிக்கிறார். நம் சீட்டு அந்தக் கருத்துக்குக் கொடுத்த ஒரு தகவல், அவ்வளவுதான்.

அந்த மாமன்னரும் ஓட்டில்தான் வருகிறார். ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஐந்தாண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுடைய சீட்டில் எண் கிடையாது, எல்லாருக்கும் ஒரே பேனா, ஒரே மை. இவர் தகுந்தவரா இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். ஐந்து பேர் ஆம் என்றால் போதும். முடிந்ததும் அவர்கள் கண்ணெதிரிலேயே சீட்டுகளை அழித்துவிடுவார்கள். பினாங்குக்குச் சுல்தான் இல்லை, கவர்னர்தான். அவருக்கு இதில் ஓட்டு இல்லை. 2019 ஜனவரியில் கிளந்தானின் ஐந்தாம் சுல்தான் முகமது மாமன்னர் பதவியைத் துறந்தார். பதவிக் காலம் முடியும் முன் அப்படி விலகியவர் அவருக்கு முன் யாரும் இல்லை. மாத முடிவில் பகாங் சுல்தான் அப்துல்லா பதவியேற்றார்.

நம் சீட்டின் காகித உடம்பு அதற்கு முன்பே போயிருக்கும். தேர்தல் விதிப்படி ஆறு மாதம் கட்டி வைத்துவிட்டு அழித்துவிட வேண்டும். உயிர் மட்டும் எண்ணிக்கையாக ஓடிக்கொண்டிருந்தது. 2020 பிப்ரவரியில் மகாதீர் விலகினார். யாருக்குப் பெரும்பான்மை என்று தெரியாமல், மாமன்னர் உறுப்பினர்களை ஒவ்வொருவராக அரண்மனைக்கு வரவழைத்து இரண்டு நாள் விசாரித்தார். மார்ச் 1-ல் முகிதீன் பிரதமரானார். ஜெலுத்தோங்கில் யாரும் மனம் மாறவில்லை. மாறியவர்கள் கட்சி தாவிய உறுப்பினர்கள். 2021 ஆகஸ்டில் இஸ்மாயில் சப்ரி வந்தார். 2018-ல் போட்ட அதே சீட்டுக்கு இவர் மூன்றாவது பிரதமர். தாவினால் பதவி போகும் என்ற சட்டம் 2022 அக்டோபர் 5-ல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது.

அரண்மனையின் தீர்ப்பைக் கேள்வி கேட்கலாமா? இந்தக் கேள்விக்கு அதிக விலை கொடுத்தவர் ஜெலுத்தோங்கின் பழைய உறுப்பினர். 1978 முதல் 1999 வரை இந்தத் தொகுதியில் இருந்து, ‘ஜெலுத்தோங் புலி’ என்று பேர் வாங்கிய கர்ப்பால் சிங், மாநில ஆட்சி மாற்றத்தில் பேராக் சுல்தான் எடுத்த முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும் என்று 2009-ல் சொன்னார். ஒரு வழக்கறிஞர் சொல்லக்கூடிய சட்டக் கருத்து. அதற்குத் தேச நிந்தனை வழக்கு, 2014-ல் 4,000 ரிங்கிட் அபராதம். அதே ஆண்டு ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்தார். கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தபோது 2019 ஆகியிருந்தது.

இரண்டு சீட்டு என்று தொடங்கினேன். மூன்றாவது ஒன்றும் இருந்தது. மலாயாவில் முதல் நகராட்சித் தேர்தல் 1951-ல் ஜார்ஜ் டவுனில்தான் நடந்தது. அந்தச் சீட்டுதான் தொழிற்கட்சிக்காரரான டி.எஸ். ராமநாதனை 1957-ல் இந்த நகரத்தின் முதல் மேயராக்கியது. ஸ்காட் ரோட்டுக்கு இப்போது அவர் பெயர். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த 1965-ல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள், 1976-ல் சட்டம் போட்டே எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு அரசு எடுத்த முயற்சியைக் கூட்டரசு நீதிமன்றம் 2014-ல் தள்ளிவிட்டது. வீட்டு வாசல் சாக்கடைக்கும் பசார் கூரைக்கும் பொறுப்பான மாநகர் மன்ற உறுப்பினர்களை இன்று மாநில அரசு நியமிக்கிறது. ஜெலுத்தோங்காரர் கோலாலம்பூருக்குச் சீட்டு அனுப்பலாம், தன் தெருவுக்கு அனுப்ப முடியாது. உள்ளாட்சி ஓட்டு கடைசியாக விழுந்தது 1963-ல்.