மீட்பு லோரி (பினாங்கு)

மீட்பு லோரி என்பது, பழுதாகி நின்ற வண்டியையும் பள்ளத்தில் இறங்கிய வண்டியையும் தூக்கியோ இழுத்தோ பட்டறையில் சேர்க்கும், பாரந்தூக்கி பொருத்திய லோரி. மலேசியத் தெருவில் இதற்கு ‘லோரி துண்டா’ என்று பெயர். பழைய மீட்பு லோரிகளில் பல, வேறு வேலைக்குப் பிறந்து, ஓடி ஓய்ந்தபின் முதுகில் கிரேன் ஏற்றிக்கொண்டவை. அவற்றை இனங்காண்பது கடினமாவதும் இதனால்தான்.

தோற்றமும் வகைகளும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சாட்டனூகா நகரில் கார்ப் பட்டறை நடத்தியவர் எர்னஸ்ட் ஹோம்ஸ். ஓடையில் விழுந்த ஒரு காரை ஆட்களையும் கயிறுகளையும் வைத்து வெளியே எடுக்கப் பெரும்பாடு பட்டவர், 1916-இல் 1913-ஆம் ஆண்டுக் காடிலாக் ஒன்றின் சட்டத்தில் மூன்று கம்பங்களும் ஒரு கப்பியும் சங்கிலியும் பொருத்தினார். மீட்பு வண்டி இங்கிருந்தே தொடங்குகிறது. வீவர் முதலிய கம்பெனிகளும் கார் கிரேன்கள் விற்றதுண்டு. எனினும் முதன்மை ஹோம்ஸுக்கே உரியது. சாட்டனூகாவில் 1995 முதல் மீட்பு வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது.

ஹோம்ஸின் பெயர் சொல்லும் அமைப்பு இரட்டைக் கைக் கிரேன். ஒரு கை பள்ளத்துப் பக்கம் நீண்டு சுமையை இழுக்கும்போது, மறு கையின் கம்பிவடத்தை எதிர்ப்புற மரத்திலோ பாறையிலோ கட்டிவிடுவார்கள், லோரி கவிழாது. இரண்டாம் உலகப் போரில் டயமண்ட்-டி 969 லோரியின் மேல் ஏறிய ஹோம்ஸ் டபிள்யூ-45 கிரேன் இந்த வகையைச் சேர்ந்தது. கைக்கு 5 டன் தூக்கும். பிரிட்டிஷ் படையின் ஸ்காமல் பயனீர் இதற்கு நேர்மாறானது. 102 குதிரைத்திறன் கார்ட்னர் டீசல் எஞ்சின். மணிக்கு 24 மைலுக்கு மேல் ஓடாது. பின்புறம் நீட்டிச் சுருக்கும் ஒற்றைக் கை. தூக்கும்போது முன்சக்கரம் எழும்பாதிருக்க முன்னால் எடைக்கற்கள் மாட்டுவார்கள். ஏஇசி மாட்டடார் பீரங்கி இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. ஏறத்தாழ 9,000 வண்டிகள் வெளிவந்தன. போருக்குப்பின் பிரிட்டனின் பஸ் கம்பெனிகள் அவற்றை மலிவாக வாங்கித் தங்கள் பட்டறையிலேயே கிரேன் கட்டிக்கொண்டன.

பினாங்கில்

ஜார்ஜ் டவுனில் மின்சார டிராம் 1906-இல் வந்தது, 1936-இல் நின்றது. டிராலி பஸ் 1925 முதல் 1961 வரை ஓடியது. மின்கம்பியை விட்டு விலகிய டிராலி பஸ் தானாக நகராது. இழுத்துச் செல்ல வேறு வண்டி வேண்டும். கம்பி பழுதுபார்க்கும் கோபுர வண்டியை இதனோடு குழப்பக் கூடாது. அது மீட்பு வண்டி ஆகாது. பினாங்கின் டிராம், டிராலி பஸ் வரலாற்றை ரிக் பிரான்சிஸும் காலின் கான்லியும் 2006-இல் நூலாக்கியுள்ளனர். லிம் செங் செங், ஹின், எல்லோ பஸ் என்று தீவைப் பங்கிட்டு ஓடிய தனியார் கம்பெனிகளும் தத்தம் வண்டிகளைத் தாமே கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஹின் கம்பெனியின் டிப்போ 2014 முதல் கலைக்கூடமாக இருக்கிறது.

1945-இல் திரும்பிய பிரிட்டிஷ் படையும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் மலாயாவில் ராணுவ லோரிகளைக் குவித்தன. கழித்துக் கட்டியவை வெட்டுமரக்காரர் கைக்கும் போயின. காட்டில் மரம் இழுக்கும் ‘சான் தாய் வோங்’ லோரி, பழைய ராணுவ வண்டியைக் குட்டையாக்கி வின்ச் பொருத்தியது. சீன மொழியில் ‘மலையரசன்’ என்று பெயர். முதுகில் வின்ச்சைக் கண்டதும் மீட்பு லோரி என்று முடிவு கட்டிவிடுவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இனங்காணல்

பதிவெண்ணை நம்பக் கூடாது. நீரிணைக் குடியேற்றக் காலத்தில் பினாங்குக்கு ‘பி’, மலாக்காவுக்கு ‘எம்’, சிங்கப்பூருக்கு ‘எஸ்’. பின்னாளில் ‘எஸ்’ சபாவுக்குப் போயிற்று. அழகான பழைய எண்கள் வண்டி விட்டு வண்டி மாறுவதும் மலேசியாவில் வழக்கம். முகப்பும் சான்றாகாது. கனடா ராணுவ லோரியின் பதின்மூன்றாம் வகைக் கேபினைப் போல, கண்ணாடி உட்புறம் சாய்ந்த தனித்த முகமானால் மட்டும் கைகொடுக்கும். சட்டத்தில் அடித்த எண், எஞ்சின் எண், கிரேனில் தைத்த தகடு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிக்க வேண்டும். லோரி மட்கியபின் கிரேனை மட்டும் கழற்றி அடுத்த லோரிக்கு மாற்றுவது பட்டறை வழக்கம். ஆகவே மூன்றும் மூன்று வயது காட்டினால் அது போலி அல்ல, உழைத்த வண்டி.

பாதுகாத்தல்

உப்புக் காற்றும் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும் மழையும் பினாங்கில் இரும்பைத் தின்கின்றன. துரு முதலில் பிடிப்பது கிரேன் அடித்தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே, கண் எட்டாத இடத்தில். பழைய கம்பிவடத்தையும் கொக்கியையும் காட்சிக்கு வைக்கலாம். சுமை தூக்கக் கூடாது. வண்ணத்தில் பலரும் தவறுகிறார்கள்: நாற்பது ஆண்டு பஸ் கம்பெனிக்கு உழைத்த லோரியைச் சுரண்டி ராணுவப் பச்சை அடிக்கிறார்கள். கம்பெனி வண்ணமே சரியானது. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா 2012-இல் ஏற்ற டூரின் சாசனமும், வண்டி தன் வாழ்நாளில் கண்ட மாற்றங்களை வரலாறாகவே மதிக்கிறது.

1951 அக்டோபர் 6-இல் மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டபோது பயணம் செய்த ரோல்ஸ்ராய்ஸ், பினாங்கு மாநில அரும்பொருளகச் சேகரிப்பில் சேர்ந்தது. பெரியவர்களின் காருக்குக் கூரை கிடைத்துவிடுகிறது, உழைக்கும் லோரிக்குத்தான் கிடைப்பதில்லை. 2008-இல் ஜார்ஜ் டவுன் பெற்ற உலக மரபுத் தகுதி கட்டடங்களையும் தெருக்களையும் சார்ந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டத்திலோ அசையும் பொருள்களுக்கும் இடமுண்டு.

இன்று இழுவை வேலையைப் பெரிதும் ஹைட்ராலிக் தட்டு லோரிகளே செய்கின்றன.

பழைய பட்டறையைக் காலி செய்வோர், கிரேன் லோரியை இரும்புக் கடைக்கு அனுப்புமுன் சட்ட எண்ணையும் கிரேன் தகட்டையும் வண்ண அடுக்குகளையும் படமெடுத்து வைக்க வேண்டும்.