அமெரிக்கக் கோதுமையும் எங்கள் வீட்டுக் கோடை விடுமுறையும்

இப்போது எங்கள் வீட்டில் இரவு என்றால் சப்பாத்திதான். பேத்திக்கு இரவில் சாதம் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் சிறு வயதில் சப்பாத்தி என்பது சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற சமாச்சாரம். அது எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது 1966 கோடை விடுமுறையில்.

அப்போது திருவல்லிக்கேணியில் ஒண்டுக் குடித்தனம். எனக்குப் பதினோரு வயது. வருஷா வருஷம் லீவுக்குக் கும்பகோணம் பாட்டி வீட்டுக்குப் போவோம். தாத்தா காலமான பிறகு பாட்டியே எங்களோடு வந்துவிட்டாள். அதனால் அந்த வருஷம் எங்கும் போகவில்லை. அப்பாவும் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

அந்தக் காலத்து நிலைமை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1965-ல் மழை பொய்த்தது. 1964-65-ல் சுமார் 89 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் உணவு தானிய விளைச்சல், மறு ஆண்டு 72 மில்லியன் டன்னாக விழுந்தது. திங்கட்கிழமை இரவு ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் காலமான பிறகும் எங்கள் அப்பா அந்த விரதத்தை விடவில்லை. பி.எல். 480 என்று எல்லோர் வாயிலும் அடிபட்ட, 1954-ல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின்படி, கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து அரிசி கொண்டுவரக் கெடுபிடி. ரேஷன் கடையில் அரிசி கொஞ்சம், கோதுமை நிறைய.

அந்தச் சிவப்புக் கோதுமையைக் கூடத்தில் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்குவோம். அப்பாவும் உட்காருவார். ஆபீஸ் மனிதரான அவர் முறத்தைப் பிடித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு நானும் தம்பியும் மாவு மில்லுக்கு ஓடுவோம். மிளகாய் அரைத்தவருக்கு அடுத்து நின்றுவிடக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு.

வீட்டில் சப்பாத்திக் கட்டை கிடையாது. பலகையில் வைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலால் தேய்த்தோம். ஒன்று இலங்கை மாதிரி வரும், ஒன்று ஆஸ்திரேலியா மாதிரி வரும். தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் ரப்பர் போல இழுக்கும். ஆனாலும் உருளைக்கிழங்கு மசாலாவோடு போட்டி போட்டுக்கொண்டு தின்றோம். மறுநாள் வெல்லம் கரைத்த கோதுமை தோசை. அதற்கடுத்த நாள் கோதுமை ரவையைச் சாதம் போல வடித்துச் சாம்பார் ஊற்றினாள் அம்மா. தினம் ஒரு புதுப் பலகாரம்! மொட்டை மாடியில் வடாம் கூட அந்த வருஷம் ஜவ்வரிசி வடாம்தான். காக்காய் ஓட்டுவது என் வேலை.

பாட்டிதான் முதலில் மசியவில்லை. "கோதுமை சூடுடா, எனக்கு ஆகாது" என்றாள். மூன்றாம் நாள், "எனக்கும் ரெண்டு போடு, சாதத்தைவிட இதுதான் நன்னா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அதன்பின் இரவில் சாதத்தைத் தொடவே இல்லை. வடநாட்டுப் பாட்டி என்று நாங்கள் கேலி செய்தோம். அவளும் சிரித்தாள்.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் அரிசிதான் பெரிய பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது தி.மு.க. 1967-ல் அண்ணா முதல்வரானதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பித்தார்கள். ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 என்று புது நெல் ரகங்களும் வயலுக்கு வந்தன. பஞ்சம் மெல்ல விலகியது. எங்கள் வீட்டுச் சப்பாத்தி மட்டும் தங்கிவிட்டது. அப்பா மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு சப்பாத்திக் கட்டை வாங்கி வந்தார்.

பாட்டி போய்ப் பல வருஷம் கழித்து, ஒரு நாள் அந்த விடுமுறையைப் பற்றி அம்மாவிடம் குஷியாகப் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த மூணாம் நாள் உங்க பாட்டி அரிசிப் பானையைத் திறந்து பார்த்துட்டாடா. அடியில ரெண்டு ஆழாக்குதான் இருந்தது. குழந்தைகளுக்கு வைன்னு சொல்லிட்டா. அவளுக்குக் கடைசி வரைக்கும் கோதுமை ஒத்துக்கவே இல்லை. ராத்திரியில வயத்தைப் பிடிச்சிண்டு உட்கார்ந்திருப்பா" என்றாள்.

அப்பா லீவு போட்டதும் ஓய்வுக்காக மட்டும் இல்லையாம். பாதி நாள் விடியற்காலையில் ரேஷன் கடை வரிசையில் நின்றுவிட்டு, நாங்கள் எழுவதற்குள் திரும்பிவிடுவாராம்.

ஹார்லிக்ஸ் பாட்டில் போய்விட்டது. அந்தச் சப்பாத்திக் கட்டை மட்டும் இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கிறது. நேற்று பேத்தி அதில் தேய்த்ததும் இலங்கை மாதிரிதான் வந்தது.