கே. சுப்பிரமணியம்

கிருஷ்ணசுவாமி சுப்பிரமணியம் (1904 – 1971) தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கக் கால இயக்குநர், திரைக்கதை ஆசிரியர், தயாரிப்பாளர். தஞ்சை மாவட்டம் பாபநாசத்தில் பிறந்தார். சட்டம் படித்து வழக்கறிஞரானார். ஆனால் அவருடைய நாட்டம் வேறு பக்கம் இருந்தது. ராஜா சாண்டோ சென்னையில் எடுத்த மௌனப் படங்களுக்குக் கதை எழுதிக் கொடுத்துத் திரைத்தொழிலைக் கற்றுக்கொண்டார்.

அவர் இயக்கிய முதல் படம் பவளக்கொடி (1934). மேடையில் புகழ்பெற்றிருந்த அந்த நாடகத்தின் நடிகர்களான எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் இதன்வழியே திரைக்கு வந்தனர். பாட்டுக்காகவே மக்கள் பார்த்த புராணப்படம் அது. இதே பாதையில் தொடர்ந்திருந்தால் சுப்பிரமணியம் வெற்றிபெற்ற பல இயக்குநர்களுள் ஒருவராக மட்டுமே நின்றிருப்பார்.

பாலயோகினி (1937) அவரைத் தனித்துக் காட்டியது. உறவினரால் விரட்டப்பட்ட பிராமண விதவையும் அவள் மகளும், தாழ்ந்த சாதியினன் எனப்பட்ட வேலைக்காரனின் வீட்டில் அடைக்கலம் புகுவதே கதை. விதவைப் பாத்திரத்தில் உண்மையிலேயே கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண்ணை அவர் நடிக்க வைத்தார். கைம்பெண்கள் வெளியே தலைகாட்டவும் தயங்கிய காலம் அது என்பதை இன்றைய மாணவர் மனத்தில் கொள்ள வேண்டும். கும்பகோணத்து வைதீகர்கள் கூடி அவரைச் சாதியிலிருந்து விலக்கிவைத்தனர். அவர் பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டே, பொருந்தா மணத்தில் சிக்கிய இளம்பெண்ணின் துயரத்தைச் சொல்லும் சேவாசதனத்தை எடுத்தார். பிரேம்சந்தின் நாவலைத் தழுவிய இப்படமே எம். எஸ். சுப்புலட்சுமிக்கு முதல் படம்.

1939இல் வெளிவந்த தியாகபூமி அவருடைய படைப்புகளில் தலையாயது. கல்கியின் கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளே அச்சாயின. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி சாவித்திரியாகவும் நடித்தனர். கைவிட்ட கணவன், மனைவி செல்வச் சீமாட்டியான பிறகு திரும்பி வந்து சேர்ந்து வாழ வழக்குத் தொடுக்கிறான். அவளோ, வேண்டுமானால் அவனுக்கு ஜீவனாம்சம் தருவதாக நீதிமன்றத்தில் சொல்கிறாள்! விவாகரத்துச் சட்டமே இல்லாத அன்றைய இந்துக் குடும்பத்தில் இது இடி விழுந்தது போன்ற பேச்சு. பின்னர் அவள் விடுதலைப் போராட்டத்தில் இறங்குகிறாள்.

படம் வெளியானபோது சென்னையில் ராஜாஜியின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது, இடையூறு எழவில்லை. உலகப்போர் தொடங்கி, அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியதும் நிலை மாறியது. ஆளுநர் ஆட்சியில் 1940இல் படத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஆட்சியாளர் தடைசெய்த படத்தை எடுத்த இவரே, 1945இல் போர்ப் பிரசாரக் கதையான மானசம்ரக்ஷணத்தையும் இயக்கினார். கச்சாச்சுருள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த நாட்களில் தயாரிப்பாளருக்கு வேறு வழிகள் குறைவு என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். சென்னை மவுண்ட் ரோட்டில் அவர் நடத்திய படப்பிடிப்பு நிலையம் அதற்கு முன்பே தீக்கிரையாகி, ஏலத்தில் எஸ். எஸ். வாசன் கைக்குப் போய் ஜெமினி ஸ்டூடியோ ஆகியிருந்தது.

டி. ஆர். ராஜகுமாரிக்குப் பெயர் வாங்கித் தந்த கச்சதேவயானியும் (1941) இவர் இயக்கியதே. தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை, நடிகர் சங்கம் ஆகியவை உருவாக முன்னின்று உழைத்தார். நாட்டியக் கலைஞர் பத்மா சுப்ரமண்யம் இவருடைய மகள். தியாகபூமியின் பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.