பொன்னாம்பு மரவாழையும் கண்ணாடிப் புட்டியும்

மன்னார்க் கோட்டையைக் காட்டி மாணவர்க்கு முத்துக்குளிப்பின் கதையையே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து அதனைப் பறித்த ஒல்லாந்தக் கொம்பனி, கடலடியில் முத்தையும் கரைமணலில் சாயவேரையும் தேடியது. தேடியது கொம்பனி, மூழ்கியவரும் அகழ்ந்தவரும் எம்மவர். அதே கொம்பனி 1663இல் கொச்சியையும் பிடித்தது. அங்கே அது தேடிய செல்வங்களுள் செடிகளும் இருந்தன.

மலபார்த் தளபதி வான் றீட் தொகுப்பித்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறியது. புகழ் தளபதிக்கு. செடிகளின் பெயரும் குணமும் சொன்னவர்களுள் முதல்வரோ இட்டி அச்சுதன் என்னும் ஈழவர் குல வைத்தியர். (ஈழவர் என்ற பெயருக்கு ஈழத்தோடு உறவு கற்பிப்பார் உளர்; அது வேறு ஆராய்ச்சி.) 1675இல் அவர் தந்த வாக்குமூலம் கோலெழுத்திலேயே முதல் தொகுதியில் உள்ளது. இறுதித் தொகுதியில் ‘பொன்னாம்பு மரவாழை’ என்றொரு மஞ்சட்பூ ஓக்கிட் வருகின்றது. 1753இல் லின்னேயசு அந்நூலை ஆதாரமாகக் கொண்டு அதற்கு இலத்தீன் பெயர் சூட்டினார். வாண்டா ஸ்பதுலாட்டா என்ற பெயராலும் அது வழங்கும். தென்னிந்தியாவும் இலங்கையுமே அதன் தாயகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்க்கு ஓக்கிட் பித்துப் பிடித்தது. ஒரு செடிக்காக மரத்தையே வீழ்த்தினர் அவர்களின் கூலிச் சேகரிப்பாளர். தோட்டத்தில் விதைத்து வளர்க்கலாகாதா? அதுதான் இயலவில்லை. ஒரு காயுள் இலட்சக்கணக்கான வித்துகள். ஆயினும் தூசியன்ன அவ்வித்தில் முளைக்கு ஊட்டும் உணவு இல்லை. காட்டில் ஒருவகைப் பங்கசு அதற்கு உணவூட்டுகிறதென 1899இல் நோயல் பெர்னார் என்னும் பிரெஞ்சு இளைஞர் கண்டார். 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பங்கசின் துணையின்றியே, கிருமி நீக்கிய புட்டியுள் சீனி கலந்த ஏகார்க் கூழில் முளைக்கச் செய்தார். 1960இல் ஜோர்ஜ் மொறல் குருத்து நுனியிலிருந்தே பல செடிகளைப் பெருக்கினார். வாணிபம் இதனை உடனே பற்றிக்கொண்டது. சந்தை மலர்கள் ஆயிரமாயிரமாகப் பெருகின. காட்டுச் செடிக்கு அந்த நன்மை கிட்ட நெடுங்காலம் சென்றது.

திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டுத் தாவரவியற் பூங்காவின் ஆய்வாளர், பொன்னாம்பு மரவாழையின் குருத்து நுனியையும் கணுவையும் புட்டியில் வளர்த்துப் பெருக்கி, நாற்றுகளைச் சட்டியிற் பழக்கி, பாலோட்டிலும் பொன்முடியிலும் காட்டிற்கே மீட்டு நட்டனர். அப்பணி 2003இல் ஆய்விதழில் வெளிவந்தது.

இதிலும் ஓர் இடருண்டு. ஒரே தாயின் குருத்திலிருந்து வந்தவை ஒரே குணத்தன. ஒரே நோய்க்கு எல்லாம் பலியாகலாம். ஆதலால் பல தாய்ச்செடிகளின் வித்துகளையும் முளைக்க வைக்கவேண்டும். புட்டியோ நாற்றைத்தான் தரும். வேர் பற்றிக்கொள்ளும் பட்டையையும் மகரந்தம் சுமக்கும் பூச்சியையும் தராது. இக்கரையில் நாம் ‘வெறும் பற்றை’ என்று சொல்லி வெட்டி எரிப்பதில் அந்தப் பட்டையும் பூச்சியும் அடங்கும்.