சுதாரிக்க எவ்வளவு நேரம்?

ஸ்ரீபெரும்புதூர்னா இன்னிக்கு கார் கம்பெனிகள் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் வயசானவங்களுக்கு 1991 மே 21 ராத்திரிதான் முதலில் வரும். ரெண்டுக்கும் பொதுவா ஒரு கேள்வி இருக்கு: ஆபத்து திடீர்னு வந்தா சுதாரிக்க மனுஷனுக்கு எவ்வளவு நேரம் வேணும்?

முதல்ல பழைய கதை. நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்கவே முடியாதுன்னு அறிஞர்கள் பலர் நம்பிய காலம் உண்டு. ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ல் தவளைக் கால் நரம்பை வைத்து அளந்தே காட்டினார். நொடிக்கு சுமார் 30 மீட்டர்தான்! ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

விளக்கு எரியும்னு காத்திருந்து பொத்தானை அமுக்கவே நமக்கு சுமார் 0.2 நொடி ஆகும். எதிர்பாராத ஆபத்துன்னா இன்னும் அதிகம். நம்ம நெடுஞ்சாலை வடிவமைப்பில் ஓட்டுநருக்கு 2.5 நொடி ஒதுக்குறாங்க. 80 கி.மீ. வேகத்தில் போனா அதுக்குள்ள வண்டி 55 மீட்டர் ஓடிடும். பிரேக் பிடிக்கிறது அப்புறம்தான்.

இப்போ அந்த ராத்திரிக்கு வருவோம். ராஜீவ் காந்தி முன்னால் குனிந்த தணுவின் இடுப்பில் இருந்தது ஆர்டிஎக்ஸ். அது வெடிக்கும் அலையின் வேகம் நொடிக்கு 8 கி.மீ.-க்கும் மேல். திடுக்கிட்டு இமை மூடவே 0.04 நொடி வேணும். பக்கத்தில் இருந்த யாரும் 'உஷாரா' இருந்திருந்தாலும் பயனில்லை. படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபுவும் செத்துப்போனார். அவர் கேமராதான் தப்பி, வழக்கில் முக்கிய சாட்சியாச்சு.

ஆனா அதுக்கு முன்னாடி நேரம் இருந்தது. கூட்டத்தில் நெருங்கி வந்த தணுவை ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் தடுத்தார். ராஜீவே வரவிடச் சொன்னதா அவர் பின்னாளில் சொன்னார். பாதுகாப்பில் என்ன ஓட்டைன்னு நீதிபதி வர்மா கமிஷன் விசாரிச்சதும் இந்த 'முன்னாடி' பற்றித்தான்.

அதே ஊரைச் சுற்றி, ஒரகடம் வரைக்கும், இன்னிக்கு தொழிற்சாலைகள். பிரஸ் மெஷினில் வேலை செய்பவரிடம் 'பார்த்து வேலை செய்யுப்பா'ன்னு சொன்னா போதாது. இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினால்தான் இறங்கும் மெஷின், கை குறுக்கே போனால் நிறுத்தும் ஒளித்திரை, இதெல்லாம் வேணும். மெஷின் நிற்க ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுத்தான் திரையை எவ்வளவு தள்ளி வைக்கணும்னு முடிவு பண்றாங்க. மனுஷன் சுதாரிப்பான்னு அந்தக் கணக்கில் நம்புவதே இல்லை.

அந்த எஸ்.ஐ. தடுக்க நீட்டிய கையும் அப்படி ஒரு திரைதான். விபத்து நடந்ததும் 'கவனமா இருந்திருக்கக் கூடாதா?'ன்னு கேட்கிறோமே, அதுக்குப் பதிலா 'நடுவில் இருந்த திரையை விலக்கினது யார்?'னு கேட்டுப் பழகலாம்.